மூன்று டப்பா மருந்து

2014 ஆடி மாதம். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க வந்த கூட்டம் எங்கள் கடையில் நெரிந்துகொண்டிருந்தது. இடது கண்ணில் வியர்வை இறங்க, அந்தக் கண்ணை மூடித் துடைத்தபடியே கையிலிருந்த சேலையைப் பார்த்தேன். பழைய செங்கல் நிறம். மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன், அதுவும் செங்கல். கல்லாவிலிருந்து அப்பா, "என்னம்மா, அரக்கைக் கையில் வைத்துக்கொண்டே அரக்கைத் தேடறே?" என்றார். இடது கண்ணைத் திறந்தேன், அரக்கு. மறுபடி மூடினேன், பத்து முறை துவைத்த சேலை. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வீட்டில் வளர்ந்தவளுக்கு அரக்கு தெரியவில்லை என்றால் வேறு அத்தாட்சி வேண்டாம், கண்ணில் ஏதோ கோளாறு. இரண்டு நாளாக அந்த வலது கண்ணை உருட்டினால் உள்ளே வலித்துக்கொண்டும் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று விட்டிருந்தேன்.

கண் மருத்துவர் பெரிய கருவி எதையும் முதலில் தொடவில்லை. மேசையிலிருந்த சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டி, "எந்தக் கண்ணில் மங்கல்?" என்று கேட்டார். பார்வை நரம்பு அழற்சி, அதாவது கண் நரம்பில் வீக்கம். மூன்று நாள் ஸ்டீராய்டு ட்ரிப் ஏற்றினார்கள். ஆறு வாரத்தில் பார்வை ஏறக்குறைய திரும்பிவிட்டது. அம்மா கோயிலில் வெள்ளிக் கண்மலர் சாத்தினாள். தலையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதியிருந்தார். "கண்தான் சரியாகிவிட்டதே, மூளையை எதற்குப் படம் பிடிக்க வேண்டும்?" என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, நானும் சொன்னேன். அந்தச் சீட்டு பீரோவில் ஒன்றரை வருடம் கிடந்தது.

உங்கள் கையிலும் அப்படி ஒரு சீட்டு இருந்தால், அல்லது ஸ்கேன் ரிப்போர்ட்டில் "டிமயலினேட்டிங்" (நரம்பின் உறை உரிதல்) என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் போனில் தேடிக்கொண்டிருந்தால், இது உங்களுக்காக. நான் மருத்துவர் இல்லை. கடைக் கணக்கு எழுதுகிறவள். பத்து வருடத்துக்கு மேலாக மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.) என்ற இந்த நரம்பு நோயோடு இருக்கிறேன், ஒரு பெரிய தப்பும் செய்திருக்கிறேன். அதையும் சொல்கிறேன்.

ஜரிகை பிரிந்தால்

தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். பாதிப் பெயர்தான். தண்டுவடத்தோடு மூளையும் பார்வை நரம்பும் சேர்ந்தே பாதிக்கப்படும். 1868-ல் பாரிஸ் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். மூளையில் அங்கங்கே கெட்டியான திட்டுகள் இருந்ததால் 'திட்டுத்திட்டான தடிப்பு' என்ற பொருளில் பிரெஞ்சில் பெயர் வைத்தார். நாம் எல்லோரும் சொல்வது எம்.எஸ்.

உள்ளே நடப்பதை எனக்குப் புரிய வைத்தது ஜரிகை. ஜரிகை என்றால் நடுவில் ஒரு பட்டு நூல், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளித் தகடு, அதன்மேல் தங்க முலாம். நரம்பு இழையும் அப்படித்தான், நடுவில் இழை, அதைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை. உறை இருந்தால்தான் செய்தி வேகமாக ஓடும். எம்.எஸ்.ஸில் நம் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அந்நியம் என்று நினைத்து அங்கங்கே பிரித்துவிடுகின்றன. பிரிந்த இடம் கண் நரம்பில் என்றால் அரக்கு செங்கலாகும். தண்டுவடத்தில் என்றால் கால் மரத்துப் போகும். வீக்கம் வடியும்போது உடம்பு உறையை ஓரளவு திரும்பச் சுற்றிக்கொள்ளும், அதனால்தான் தானாகச் சரியாகிறது. ஆனால் நடுவிலுள்ள பட்டு நூலே அறுந்துவிட்டால் அறுந்ததுதான். ஒவ்வொரு தடவையும் சில நூல்கள் அறுகின்றன. இளம் வயதில் மூளை வேறு வழியாகச் சமாளித்துக்கொள்வதால் அது வெளியே தெரிவதில்லை.

பெரும்பாலானோருக்கு, ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்கு, இது வந்து வந்து போகும் வகையாகத்தான் தொடங்கும். அப்படி வருவதை ரிலாப்ஸ் என்பார்கள். மீதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல, பெரும்பாலும் நடையில், ஏறிக்கொண்டே போகும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். 20-லிருந்து 40 வயதுக்குள் தொடங்குவதுதான் வழக்கம்.

ஏன் எனக்கு என்று நானும் கேட்டேன். அம்மா திருஷ்டி என்றாள். 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் ரத்த மாதிரிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. எப்ஸ்டீன்-பார் என்ற சாதாரண வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு ஏறுகிறது என்று அதில் கண்டார்கள். ஆனால் அந்த வைரஸ் உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்து போவது, எம்.எஸ். வருவதோ சிலருக்குத்தான். நீங்கள் சாப்பிட்டதாலோ தலைக்குக் குளித்ததாலோ வந்ததில்லை. அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிடலாம்.

சரியாகிவிடுவதுதான் தந்திரம்

2016 தை மாதம் பாதத்தில் மரமரப்பு தொடங்கி நாலே நாளில் இடுப்பு வரை ஏறியது. தரையில் நடந்தால் காலுக்கடியில் அட்டை ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். விலா எலும்புக்குக் கீழே யாரோ ஒட்டியாணத்தைப் போட்டு இறுக்கியது போல ஒரு பிடி. கணக்கு நோட்டைப் பார்க்கக் குனிந்தால் கழுத்திலிருந்து முதுகு வழியாகக் கரண்ட் ஓடும். தெருக்கோடி டாக்டர் பி12 குறைவு என்று நரம்புச் சத்து ஊசி பத்து போட்டார். ஐந்தாவது வாரத்தில் மரமரப்பு போய்விட்டது. ஊசிக்கு நல்ல பெயர், தைலம் தேய்த்த அத்தைக்கு நல்ல பெயர், கோயிலுக்கும் நல்ல பெயர்.

அந்த மாதம் ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தாலும் அது போயிருக்கும். நோய் தானாக இறங்குகிற நேரத்தில் நாம் எதைச் செய்துகொண்டிருந்தோமோ அதுதான் பலித்தது என்று தோன்றும். இத்தாலியில் சம்போனி என்ற மருத்துவர் 2009-ல் கழுத்து ரத்தக்குழாய் அடைப்புதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்று சொன்னதும், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் காசு கொடுத்து ரத்தக்குழாயை விரிக்கப் போனார்கள். குணமானதாக முதலில் பலரும் சொன்னார்கள். பிறகு கனடாவில் வெறும் பெயருக்குச் செய்த சிகிச்சையோடு ஒப்பிட்டு முறையாகச் சோதித்தபோது பலன் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. உங்களிடமும் யாராவது வருவார்கள், ஸ்டெம்செல் ஊசி என்றோ பத்தியக் கஷாயம் என்றோ. "இதைச் சாப்பிட்டு ஒருவருக்கு ஆறு வாரத்தில் சரியானது" என்றால், "சாப்பிடாதவருக்கு எத்தனை வாரம் ஆனது?" என்று கேளுங்கள்.

மரமரப்பு போனாலும் கழுத்துக் கரண்ட் மட்டும் போகவில்லை. அதற்காகத்தான் நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதற்கு முன்னால் கண்ணில் ஏதாவது வந்ததா?" பீரோவிலிருந்த சீட்டு ஞாபகம் வந்தது. பார்வை நரம்பு அழற்சி வந்தவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. முதல் ஸ்கேனில் மூளையில் ஒரு திட்டுகூட இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு எம்.எஸ். வந்தது. ஒரு திட்டாவது இருந்தவர்களில் 72 சதவீதம். அந்த ஸ்கேன் அப்போதே எடுத்திருந்தால் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது

எம்.எஸ்.ஸுக்கென்று 'பாசிட்டிவ், நெகட்டிவ்' என்று சொல்லும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. மருத்துவர்கள் மெக்டொனால்ட் விதிகள் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். நியூசிலாந்தில் பிறந்த நரம்பியல் மருத்துவர் இயன் மெக்டொனால்ட் தலைமையில் 2001-ல் வந்தது, பல முறை திருத்தப்பட்டது. சாரம் இரண்டே கேள்வி. நோய் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்கிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் வந்ததா? இடம் என்றால் மூளையின் நீர் அறைகளை ஒட்டி, மூளையின் மேற்பட்டையை ஒட்டி, மூளையின் அடிப்பகுதியில், தண்டுவடத்தில் என்று நான்கு. 2024 திருத்தத்தில் பார்வை நரம்பை ஐந்தாவது இடமாகச் சேர்த்திருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போது கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினால் புதிய திட்டுகள் பளிச்சென்று தெரியும், பழையவை தெரியாது. புதிதும் பழையதும் ஒரே படத்தில் இருந்தால், காலம் வேறு என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே ஸ்கேன் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். நாங்கள் போன ஸ்கேன் மையத்தில் செலவு குறையும் என்று மூளையை மட்டும், அதுவும் அந்த ஊசி இல்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். நரம்பியல் மருத்துவர் படத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். மூளையும் முழு முதுகுத்தண்டும், கடோலினியத்தோடு. காசு இரண்டு தடவை. மையத்துக்குப் போகும்முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள், சிறுநீரகம் சரியாக இருந்தால்தான் அந்த ஊசி போடுவார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், காதில் பஞ்சு வைத்தும் பறைமேளம் கேட்கும். ரிப்போர்ட்டை விட படம் பதிந்த சி.டி. வட்டு முக்கியம், அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருடம் எடுக்கும் படத்தை இதோடு ஒப்பிட்டுத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று சொல்வார்கள். முடிந்தால் அதே மையம், அதே இயந்திரம்.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைத் திட்டு இருந்தாலே எம்.எஸ். என்று ஆகிவிடாது. ஒற்றைத் தலைவலிக்காரருக்கும், பிரஷர்காரருக்கும், வயதானவருக்கும் மூளையில் சிறு சிறு வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். நீர் அறையிலிருந்து விரல் நீட்டியதுபோல் செங்குத்தாக நிற்கும் திட்டுகளைத்தான் மருத்துவர் தேடுவார்.

முதுகில் நீர் எடுப்பதற்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு. கால் விழுந்துவிடும் என்று அத்தை அழுதாள். ஊசி தண்டுவடம் முடிந்த பிறகு கீழே இருக்கும் இடத்தில்தான் போகிறது. எனக்கு வலி பல் டாக்டரிடம் ஊசி போடும் அளவுதான். மறுநாள் எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வந்தது, படுத்தால் போய்விட்டது, காபியும் தண்ணீரும் நிறையக் குடித்தேன். அந்த நீரில் ஆலிகோகுளோனல் பட்டைகள் என்று பார்க்கிறார்கள், சேலை முந்தானைக் கோடுகள் போல வரிசையாகத் தெரியும். ரத்தத்தில் இல்லாமல் முதுகு நீரில் மட்டும் அந்தக் கோடுகள் இருந்தால்தான் அர்த்தம். அதனால் அதே நேரத்தில் ரத்தமும் எடுத்துச் சேர்த்து அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: "அக்வபோரின்-4, மாக் ஆன்டிபாடி பார்த்தாகிவிட்டதா?" எம்.எஸ். மாதிரியே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறு இரண்டு நோய்கள் உண்டு. அவற்றில் ஒன்றான என்.எம்.ஓ. (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா) நம் நாட்டில் அவ்வளவு அபூர்வமில்லை. அதற்கு அடையாளமான ஆன்டிபாடியை 2004-ல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். அதற்குமுன் என்.எம்.ஓ.வும் எம்.எஸ்.ஸும் ஒன்று என்றே பலரும் நினைத்தார்கள். என்.எம்.ஓ. இருப்பவருக்கு எம்.எஸ். மருந்தான இன்டர்ஃபெரானோ ஃபிங்கோலிமோடோ கொடுத்தால் நோய் முற்றிவிடலாம். எனவே நீண்ட நாள் மருந்தைத் தொடங்கும் முன் இந்த ரிப்போர்ட் கையில் வரட்டும். இதோடு பி12, எச்.ஐ.வி., சிபிலிஸ், லூபஸுக்கான ஏ.என்.ஏ., காசநோய் எல்லாம் பார்ப்பார்கள். என்னை ஏன் இதெல்லாம் சோதிக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள், நான் பட்டேன்.

மூன்று டப்பா

நோய் உறுதியான பிறகு மருந்துக்கடைப் பை பெருகிக்கொண்டே போனது. எது எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் போட்டிருந்தேன். பிறகுதான் மூன்று பிளாஸ்டிக் டப்பா வாங்கினேன். சிவப்பு மூடி, நீல மூடி, மஞ்சள் மூடி. எம்.எஸ். மருந்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சிவப்பு டப்பா ரிலாப்ஸுக்கு. அதில் மருந்தே இல்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, மருத்துவர் எண், சர்க்கரை பார்க்கும் கருவி, தெர்மாமீட்டர். ரிலாப்ஸ் வந்தால் மெத்தில் பிரட்னிசலோன் 1 கிராம் வீதம் மூன்றிலிருந்து ஐந்து நாள் ட்ரிப்பில் ஏற்றுவார்கள். வாயில் இரும்பு கசக்கும், தூக்கம் வராது, நள்ளிரவில் பசிக்கும், சர்க்கரை ஏறும். எனக்கு மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது. இந்த ட்ரிப் வீக்கத்தைச் சீக்கிரம் வடிக்கிறது, அவ்வளவுதான். அடுத்த ரிலாப்ஸைத் தடுக்காது. ஆகவே ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தால் எம்.எஸ். அடங்காது, எலும்புதான் தேயும். பார்வை நரம்பு அழற்சிக்கு சாதாரண அளவில் பிரட்னிசோன் மாத்திரை மட்டும் கொடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவது அதிகமானதை 1992-ல் வெளியான ஆய்விலேயே காட்டிவிட்டார்கள். ட்ரிப் கேட்காத கடுமையான ரிலாப்ஸுக்கு ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை உண்டு.

சிவப்பு டப்பாவைத் திறக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறதா? காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா? உடம்பு சூடானால் பழைய வடு இருக்கும் இடம் திரும்பத் தொந்தரவு கொடுக்கும். ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதை எழுதியிருக்கிறார். எனக்கு அது தெரிந்தது வைகாசி கருட சேவையில். வரதராஜப் பெருமாள் வாகனம் வரும் வரை கூட்டத்தில் நின்றதில் வலது கண் மங்கி, பெருமாள் பாதிதான் தெரிந்தார். வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் குளித்துக் கால் மணி நேரம் ஃபேனுக்கடியில் படுத்ததும் தெளிந்துவிட்டது. அது ரிலாப்ஸ் இல்லை. கத்திரி வெயிலில் ஈரத்துண்டு, மோர், மதியம் கடையை விட்டு நகராமல் இருப்பது, இதுதான் மருந்து. சிறுநீர்த் தொற்று என்றால் அதைச் சரி செய்தாலே கால் பழைய நிலைக்கு வரும். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு ஏற்றினால் தொற்று வளரும்.

நீல டப்பாதான் பெரிய விஷயம். அடுத்தது வராமல் தடுக்கும் மருந்து. இது இன்றைய மரமரப்பைக் குறைக்காது, களைப்பைப் போக்காது, சொல்லப்போனால் கூடக் கொஞ்சம் படுத்தும். அது வேலை செய்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், ஒன்றும் நடக்காமல் இருப்பது.

எனக்கு முதலில் எழுதியது இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ. வாரம் ஒருமுறை 30 மைக்ரோகிராம், தொடையில் சதைக்குள் ஊசி. இந்த இன்டர்ஃபெரான் குடும்பத்தின் முதல் ஊசி 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, எம்.எஸ்.ஸுக்கென்று வந்த முதல் தடுப்பு மருந்தும் அதுதான். வெள்ளிக்கிழமை இரவு போடுவேன், அரை மணி முன்னால் ஒரு பாராசிட்டமால். சனிக்கிழமை முழுக்க ஃப்ளூ காய்ச்சல் போல உடம்பு வலிக்கும். ஃப்ரிட்ஜில் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. கரண்ட் போனால் கதவைத் திறக்கவே கூடாது என்று வீட்டில் சட்டம். போடும் முன் வெளியே எடுத்து அரை மணி வைத்துக் குளிர் போன பிறகு போட்டால் வலி குறையும். இந்த வாரம் வலது தொடை என்றால் அடுத்த வாரம் இடது.

பதினாலு மாதம் போட்டேன். ஒரு ரிலாப்ஸும் இல்லை. 2017 கடைசியில் எனக்குத் தோன்றியது: ஒன்றும் வரவில்லையே, ஆரோக்கியமாகத்தானே இருக்கிறேன், சனிக்கிழமைதோறும் கடைக்குப் போகாமல் படுத்துக்கிடப்பது எதற்கு? யாரிடமும் கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் உடம்பு பூவாக இருந்தது, ஊசி இல்லாததால். சனிக்கிழமை வியாபாரம் பார்த்தேன். 2018 மாசியில் ஒரு நாள் கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்து வாசலில் பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. தெருவில் திரும்பிப் போய்த் தேடினேன், பூக்கடை முன்னால் கிடந்தது. எடுத்து மாட்டினேன், நாலடியில் மறுபடி கழன்றது. ஸ்கேனில் மூன்று புதிய திட்டு, ஒன்று பளிச்சென்று. ஐந்து நாள் ட்ரிப். கால் திரும்ப வந்தது, முழுதாக இல்லை. இன்றும் மாடி ஏறினால் வலது பாதம் படியில் தட்டும். மருத்துவர் திட்டவில்லை. "ஊசி பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பேனே" என்றார். நீல டப்பா மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாற்றலாம், நிறையவே இருக்கிறது. சொல்லாமல் நிறுத்துவதுதான் கூடாது. ஃபிங்கோலிமோட், நடாலிசுமாப் இரண்டையும் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பவும் கூடும்.

அதன்பிறகு எனக்கு டைமெத்தில் ஃபியூமரேட் மாத்திரை. முதல் வாரம் 120 மில்லிகிராம், பிறகு 240, காலையும் மாலையும். விழுங்கி அரை மணியில் முகமும் காதும் மிளகாய் அரைத்த கையால் தொட்டதுபோல் சிவந்து எரியும், வயிறு புரளும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறைகிறது, இரண்டு மாதத்தில் பழகியும் விட்டது. இதற்கு ரத்தத்தில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், குறைந்துகொண்டே போனால் நிறுத்துவார்கள்.

மற்றவை எனக்குத் தெரிந்த அளவில். கிளாட்டிராமர் அசெட்டேட் ஊசி, தோலுக்கடியில், தினமும் அல்லது வாரம் மூன்று, காய்ச்சல் வராது. டெரிஃப்ளுனோமைட் மாத்திரை, தினம் ஒன்று, கல்லீரலைக் கவனிக்க வேண்டும். முடி கொஞ்சம் கொட்டும், குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். அது உடம்பில் நீண்ட நாள் தங்கும், வெளியேற்றத் தனி மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஃபிங்கோலிமோட் 2010-ல் அமெரிக்க அனுமதி பெற்றது, எம்.எஸ்.ஸைத் தடுக்க வந்த முதல் மாத்திரை. முதல் மாத்திரை போட்டதும் நாடித்துடிப்பு குறையும் என்பதால் ஆறு மணி நேரம் மருத்துவமனையில் உட்கார வைப்பார்கள். மூன்று நான்கு மாதத்தில் விழித்திரைப் பரிசோதனையும் உண்டு. நடாலிசுமாப் மாதம் ஒரு ட்ரிப், வலுவானது. மூளையில் பி.எம்.எல். என்ற ஆபத்தான தொற்று வந்ததால் 2005-ல் சந்தையிலிருந்து எடுத்து, 2006-ல் நிபந்தனையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொற்றை உண்டாக்கும் ஜே.சி. வைரஸுக்கான பரிசோதனை அதற்கு அவசியம். ஒக்ரெலிசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு ட்ரிப், ஆரம்பம் முதலே ஏறிக்கொண்டு போகும் வகைக்கும் அனுமதி பெற்ற முதல் மருந்து, 2017-ல்.

விலை பலருக்கும் மலைப்பு. ஒக்ரெலிசுமாப் போலவே பி அணுக்கள் என்ற ஒரு வகை நோய் எதிர்ப்பு அணுக்களைக் குறைக்கும் ரிட்டுக்சிமாப், இந்தியாவிலேயே தயாராவதால் ரொம்ப மலிவு. எம்.எஸ்.ஸுக்கென்று அனுமதி வாங்கிய மருந்தில்லை, ஆனாலும் இங்கே நரம்பியல் மருத்துவர்கள் பரவலாகக் கொடுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக முதல்முறையாகச் சேர்த்த மூன்றில் இதுவும் ஒன்று, மற்ற இரண்டும் கிளாட்டிராமரும் கிளாட்ரிபினும். நான் இப்போது இருப்பது ரிட்டுக்சிமாபில்தான்.

வலுவான மருந்து எதையும் தொடங்கும் முன் மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி., காசநோய், அம்மை எதிர்ப்பு சக்தி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊரில் காசநோய் பலர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும், எதிர்ப்பு சக்தியைக் குறைத்தால் எழும். போட வேண்டிய தடுப்பூசிகளைத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் பிறகு போட முடியாது.

மஞ்சள் டப்பா அன்றாடத் தொந்தரவுகளுக்கு. கால் விறைப்புக்கு பாக்லோஃபென், எரிச்சலுக்கு கபாபென்டின், அடிக்கடி ஓடவைக்கும் சிறுநீருக்கு சோலிஃபெனாசின். இதில் உங்கள் வசதிப்படி கூட்டிக் குறைக்க மருத்துவர் இடம் கொடுப்பார். பாக்லோஃபெனை மட்டும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். களைப்புக்கு மாத்திரையைவிட எனக்குப் பலன் தந்தது மதியம் இருபது நிமிடப் படுக்கை. அந்தக் களைப்பு வேலை செய்த களைப்பு மாதிரி இல்லை, பாவு நூல் தளர்ந்த தறி மாதிரி. பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும். அத்தைக்குப் புரியவைக்க நான்கு வருடம் ஆனது.

கல்யாணம், குழந்தை, சான்றிதழ்

பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டோம். இரண்டு வரன் போனது. மூன்றாவதாக வந்தவர் "ஊசி எனக்குப் போடத் தெரியும், எங்கள் அம்மாவுக்கு இன்சுலின் நான்தான்" என்றார். குழந்தைக்குத் திட்டமிடும்போது முதலில் மருத்துவரிடம்தான் பேசினோம். கர்ப்பத்தில், முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், ரிலாப்ஸ் குறையும். பிரசவத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதத்தில் கூடும். அதனால் பிரசவத்துக்குப் பிறகு எந்த வாரம் மருந்து தொடங்குவது என்று ஏழாம் மாதத்திலேயே எழுதி வைத்தோம். 2022-ல் பெண் பிறந்தாள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். இருக்கிறது. 40 சதவீதம் பாதிப்பு என்று சான்று கிடைத்தால்தான் பெரும்பாலான சலுகைகள். மருத்துவக் குழுவுக்குப் போகிற அன்று நீங்கள் நன்றாக நடந்தால் சதவீதம் குறையும். ஆகவே கண், சிறுநீர் உட்பட எல்லாப் பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். 1985-ல் தொடங்கிய மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. இதே நோயோடு இன்னொருவர் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்ப்பதே முதல் வருடத்தில் பெரிய விஷயம்.

கடைசியாக என் நோட்டு. கடையின் பழைய கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ரிலாப்ஸ், ஒரு பக்கம் ரத்தப் பரிசோதனைத் தேதி, ஒரு பக்கம் மருந்து தொடங்கிய, மாற்றிய தேதி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை, வெயில் ஏறுமுன், அரக்குப் பட்டில் வெட்டிய உள்ளங்கை அகலத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பேன், பிறகு மற்றதை. வலது கண்ணில் எப்போதுமே கொஞ்சம் மட்டுதான், அது 2014-ன் மிச்சம். போன மாதத்தைவிட மட்டாகத் தெரிந்தால் குளித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாலையில் மறுபடி பார்ப்பேன். மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால் காய்ச்சல் பார்த்துவிட்டு மருத்துவருக்குப் போன். "டாக்டர், வலது கண், சிவப்பு மட்டு, நேற்றுக் காலையிலிருந்து, காய்ச்சல் இல்லை, கடைசி ட்ரிப் இன்ன தேதி." இந்த ஐந்தும் சொன்னால் வரச் சொல்வதா காத்திருக்கச் சொல்வதா என்று அவரால் அரை நிமிடத்தில் முடிவெடுக்க முடியும்.